கேட்ட பாட்டும் தொடுத்த மாலையும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது, "நீர் டொக்டர்தானே, சலரோகம், பிரஷர் பற்றி ஏதும் சொல்லும்" என்று ஓர் அக்கா கேட்டுக்கொண்டார். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் என்னையோ என் சகபாடிகளையோ வைத்தியசாலையில் கண்டு, அவை பற்றி வேண்டிய மட்டும் கேட்டுவிட்டீர்கள். ஆகையால் இன்று எனக்கு மிகவும் பிடித்த இரண்டு காரியங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று, கச்சேரிக்கு நேரில் போய் உட்கார்ந்து கேட்பது. மற்றது, பருவத்துக்கு ஒன்றாகப் பாட்டுக்களைத் தொகுத்துத் தோழியருக்கு அனுப்புவது. முடிவில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இடையில் வைத்தியரும் கொஞ்சம் தலைகாட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது 1925 டிசெம்பரில். ஏறக்குறைய நம் சங்கத்தின் வயதுதான். எங்கள் அம்மாமாரின் காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்டார்கள். மயில்வாகனன் அவர்களின் குரலையும், பின்னர் பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா ஆகியோரின் குரல்களையும் அங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். நேயர் விருப்பம் நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பெயர்கள் வாசிக்கப்படும். வவுனியாவில் ஒருவர், ஹற்றனில் ஒருவர், மூதூரில் ஒரு குடும்பம். ஒருவரையொருவர் காணாதவர்கள் எல்லாரும் ஒரே பாட்டை விரும்பினார்கள் என்பது அந்தப் பெயர்ப் பட்டியலால் தெரியவரும். பாட்டை விட, நம் பெயர் வருகிறதா என்ற தவிப்புத்தான் பெரிது. பாட்டைத் தெரிந்து, பெயர் சொல்லி, இன்னொருவருக்கு அனுப்புகிற பழக்கத்தை நாங்கள் அங்கே படித்தோம்.

நான் பாடசாலைக்கு வந்த காலம் கசற் காலம். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடைக்குப் போய், வெற்றுக் கசற் ஒன்றும், கொப்பித் தாளில் எழுதிய பாட்டு வரிசையும் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசற் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். சினிமாப் பாட்டென்றால் ஆறு அல்லது ஏழு பாட்டு. ஏழாவது பாட்டுப் பாதியில் அறுந்துபோனால் மனம் கேட்காது. அதனால் கணக்குப் பார்த்துத்தான் எழுதுவோம். தொண்ணூறு நிமிடக் கசற் வாங்கலாம்தான். ஆனால் அதன் நாடா மெல்லியது, அடிக்கடி சிக்கும். பிறகு பென்சிலைக் கொடுத்துச் சுற்ற வேண்டும். எங்கள் வகுப்பில் கணிதத்துக்கு அஞ்சியவர்கள்கூட இந்தக் கணக்கில் பிழை விட்டதில்லை.

1996ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து ஒரு மாணவி எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். பெயர் சொல்ல வேண்டாம், வகுப்பாருக்குத் தெரியும். நாங்கள் கசற் கடைக் கதை சொன்னபோது அவள் சைக்கிள் கதை சொன்னாள். மின்சாரம் இல்லை, பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் கசற் கேட்டிருக்கிறார்கள். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளரும், சுருதி இறங்கும். வேகமாகச் சுற்றினால் பாடகி சின்னப்பிள்ளை போலக் கீச்சிடுவார். "பாட்டு நேராய் வரவேணுமெண்டால் ஒரே சீராய்ச் சுத்த வேணும். எனக்குக் காலப்பிரமாணம் சைக்கிளாலதான் வந்தது" என்பாள். பகிடி போலச் சொன்னாலும் அது உண்மை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் எங்கள் எல்லாரிலும் தாளம் சுத்தமாகப் போட்டவள் அவள்தான்.

இன்று எங்கள் வகுப்பு ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண், ஒஸ்லோ, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று சிதறிக் கிடக்கிறது. வட்ஸ்அப் குழு இருக்கிறது. எல்லாக் குழுக்களிலும் போல அங்கேயும் காலை வணக்கப் பூக்களும், யாரோ எழுதிய மருந்துக் குறிப்புகளும் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு நடுவே பருவத்துக்கு ஒரு பாட்டுத் தொகுப்பு அனுப்பும் வழக்கத்தைப் பத்தாண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கிறோம்.

பருவம் என்றால் எது? கொழும்பில் இலையுதிர் காலமும் இல்லை, பனிக்காலமும் இல்லை. எங்களுக்குப் பருவம் என்பது திருநாட்களும் மழையும்தான். தைப்பொங்கலோடு தொடங்குவோம். மாசியில் சிவராத்திரி. அதன் பின் தவக்காலம். கொட்டாஞ்சேனைத் தோழிகள்தான் எங்களுக்கு வியாகுலப் பிரசங்கத்தை அறிமுகம் செய்தார்கள். கோவாவிலிருந்து வந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தீவில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் ஆக்கம் அது. இறந்தவரை வைத்து அழுகிற நம்மூர் ஒப்பாரியின் இழுப்பை அதில் கேட்கலாம். சைவப் பிள்ளைகளாகிய நாங்கள் அதைக் கேட்டுத் திகைத்துப்போனோம்.

சித்திரைப் புத்தாண்டு, வெசாக் காலத்துப் பக்திப் பாடல்கள், நோன்புப் பெருநாளுக்கு நாகூர் ஹனிபா, ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, ஆடிவேல், இருபத்தைந்து நாள் நல்லூர்த் திருவிழா என்று ஆண்டு நகரும். நவராத்திரிக்குச் சகலகலாவல்லிமாலை இல்லாமல் முடியுமா? குமரகுருபரரின் பத்துப் பாட்டும் எந்த நித்திரையிலும் நமக்கு வரும். வாணி விழாவில் அவலும் கடலையும் கையில் விழும் வரைக்கும் பாடியதால் வந்த மனப்பாடம் அது. மார்கழியில் திருவெம்பாவை. மாணிக்கவாசகரின் அந்த இருபது பாட்டும் தாய்லாந்து அரச சடங்கு வரை போய் வழங்கியவை. அதே மாதத்தில் கிறிஸ்மஸ் கரோல். எங்கள் பாடசாலையில் இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே தொண்டையால் பாடினோம்.

மெல்பேர்ணில் இருப்பவளுக்கு மார்கழி என்றால் கொளுத்தும் வெயில். ஒஸ்லோக்காரிக்குப் பிற்பகலிலேயே இருட்டிவிடும். ஆனாலும் அவர்களுக்குக் கொழும்புப் பருவம்தான் வேண்டும். "இங்கே வெளியில் என்ன காலநிலை எண்டாலும் பரவாயில்லை, வெள்ளவத்தையில் இப்ப என்ன மாதமெண்டு எனக்குத் தெரியவேணும்" என்று ஒருத்தி எழுதினாள்.

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பல வாரங்கள் எங்கள் குழுவில் பாட்டு எதுவும் போகவில்லை. யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வாண்டு ஜூனில் கொச்சிக்கடை ஆலயம் மீளத் திறக்கப்பட்டது. திருவிழா நாளன்று கொட்டாஞ்சேனைத் தோழி ஒருத்தி அந்தோனியார் பாடல் ஒன்றை அனுப்பினாள். ஒரு குறிப்பும் எழுதவில்லை. அந்த ஒரு பாட்டுத்தான் அந்தப் பருவத்தின் தொகுப்பு. அதற்கு மேல் சேர்க்க யாரும் கேட்கவுமில்லை.

தொகுப்பது எப்படி என்று தங்கைமார் கேட்பதுண்டு. நல்ல வழிகாட்டி நம் கச்சேரி மரபிலேயே இருக்கிறது. இன்று நாம் கேட்கும் கச்சேரியின் ஒழுங்கை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி இராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். 1890 முதல் 1967 வரை வாழ்ந்தவர். முதலில் ஒரு வர்ணம். குரலும் செவியும் சூடேறுவதற்கு. பிறகு பிள்ளையார் மேல் ஒன்று, விறுவிறுப்பான சில உருப்படிகள், நடுவில் விரிவான ஒரு பெரிய கீர்த்தனை, தனி ஆவர்த்தனம், நேரம் இருந்தால் இராகம் தானம் பல்லவி. அதன் பின் பாரம் இறங்கினாற்போல் துக்கடாக்கள், தில்லானா, மங்களம். களைத்து வந்தவரை மெல்ல உட்காரவைத்து, நிமிர்த்தி, ஆழத்துக்குக் கொண்டுபோய், சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புகிற ஒழுங்கு அது. சமையலில் எதை முதலில் இலையில் வைப்பது, எதைக் கடைசியில் ஊற்றுவது என்பதற்கு முறை இருப்பது போலத்தான்.

நாங்கள் அதிலிருந்து சில வழக்கங்களை எடுத்துக்கொண்டோம். தொகுப்பு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. கசற் போனாலும் கசற்றின் அளவு நல்ல அளவு. ஒருவர் சமைத்து முடிக்கும் நேரம், வேலைக்குப் போய்ச்சேரும் நேரம். முதற்பாட்டு எல்லோரும் அறிந்ததாக இருக்கவேண்டும். நடுவில் ஒரு பெரிய உருப்படி, அவசரக்காரரும் அமர்ந்து கேட்க. ஒன்று நம் மண்ணின் இசையாக இருக்கவேண்டும்: யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில், என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம், இலங்கை வானொலி வளர்த்த மெல்லிசை, ஒரு பொப் பாட்டு, மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்துப் பாட்டு, எதுவும் ஆகலாம். ஒன்று அடுத்த வீட்டாரின் கோவிலிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விகாரையிலிருந்தோ வரவேண்டும். ஒன்று, அந்தப் பருவத்தில் அனுப்புகிறவர் நேரில் கேட்ட கலைஞருடையதாக இருக்கவேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஏன் அதைச் சேர்த்தோம் என்று ஒரு வரி எழுதவேண்டும். நேயர் விருப்பத்தில் பெயர் வாசித்தது போல, அந்த ஒரு வரிதான் உயிர்.

இன்னொரு விடயம். பாட்டின் கோப்பைப் பிரதி எடுத்து அனுப்புவதில்லை. கலைஞரோ வெளியீட்டாளரோ ஏற்றிய இணைப்பைத்தான் அனுப்புகிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்நாட்டில் பாடியவருக்கும் உரிமை தந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். யூரியூப்பில் நாம் கேட்கும் எண்ணிக்கையாவது அந்தப் பிள்ளையின் கணக்கில் ஏறட்டுமே.

இனி நேரில் கேட்பதைப் பற்றி.

வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபமும் கதிரேசன் மண்டபமும், கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை. இவற்றில் ஒன்றிலாவது மேடையேறாமல் நம்மில் யாரும் பாடசாலையை விட்டுப் போயிருக்க மாட்டோம். பெரிய நிகழ்ச்சி என்றால் 2011இல் திறந்த தாமரைத் தடாக அரங்கும் இருக்கிறது. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோவிலில் நாதஸ்வரம் கேட்பதற்கு ரிக்கற்றும் வேண்டாம். கல் மண்டபத்தில் அந்த ஒலி திரும்பி வரும்போது நெஞ்சுக்கூட்டில் உணரலாம். எந்தக் காதுபேசியும் அதைத் தராது.

மண்டபங்களின் நிலைமை நமக்குத் தெரியும். அரங்கேற்றம் என்றால் கதிரை போதாது. மாமா, மாமி, அலுவலக நண்பர்கள் எல்லாரும் வருவார்கள்; தட்டில் சிற்றுண்டியும் வரும். அதே மண்டபத்தில், பத்து வருடம் கழித்து, அதே பிள்ளை தேர்ந்த கலைஞராகி உட்கார்ந்து பாடினால் முன்வரிசை மூன்றும் நிறைந்தால் பெரிய காரியம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அதிலும் ஒரு பகுதி தேநீருக்கு எழும்பிவிடும். மிருதங்கக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வாசிப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கும். பிள்ளைகளுக்கு ஆறேழு வருடம் சங்கீத வகுப்புக்குக் காசு கட்டுகிறோம், பரீட்சைக்கு அனுப்புகிறோம், அரங்கேற்றத்துக்குக் கடன்கூட வாங்குகிறோம். அந்தப் படிப்பெல்லாம் எதற்காக? ஒரு நாள் யாராவது பாடும்போது கேட்டு அனுபவிக்கத்தானே? நூறு பேர் படித்தால் ஒருவர் பாடகியாவார். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் நல்ல செவிகளாக வரவேண்டும். செவிகள் இல்லாத ஊரில் பாடகிக்கும் இடமில்லை.

சென்னையைப் பாருங்கள். 1927 டிசெம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாதமி பிறந்தது. அந்த விதையிலிருந்துதான் இன்றைய மார்கழி இசைவிழா. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. பெரும் வித்துவான்கள் இருந்ததோடு, மழையென்றும் குளிரென்றும் பாராமல் வந்து உட்கார்ந்த மக்களும் இருந்தார்கள். கட்டுநாயக்காவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பறந்துவிடலாம். எங்கள் வகுப்பார் இரண்டு தடவை டிசெம்பரில் அங்கே ஒன்றுகூடினோம். முதற்தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: மாலைக் கச்சேரிக்கு ரிக்கற் எடுங்கள், ஆனால் பல சபாக்களில் பிற்பகலில் இளம் கலைஞர்கள் இலவசமாகப் பாடுவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். பத்து வருடத்துக்குப் பின் யாருக்கு ரிக்கற் கிடைக்காதோ அவரை அங்கே இன்று மூன்றாம் வரிசையில் இருந்து கேட்கலாம். சபாவின் சிற்றுண்டிச்சாலையையும் தவறவிட வேண்டாம். இதை வைத்தியராகச் சொல்லவில்லை.

இப்போது வைத்தியர் வருகிறார். காதைப் பற்றி மட்டும் நாலு வார்த்தை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். 100 டெசிபல் என்றால் வெறும் 20 நிமிடம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். அரங்குகளுக்கென்று 2022இல் அந்நிறுவனம் வெளியிட்ட தரத்தில், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றிருக்கிறது. நம் மெல்லிசை இரவுகளிலும் சில கோவில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கிக்கு முன்னால் சின்னப்பிள்ளைகளை உட்காரவைக்கிறோம். தயவுசெய்து பின்னுக்கும் பக்கத்துக்கும் நகர்த்துங்கள். கச்சேரி முடிந்து காதுக்குள் கூவென்று இரைந்தால் அது காது விடுகிற முறைப்பாடு. அடுத்த நாளும் அந்த இரைச்சல் நின்றால் காட்டுங்கள். ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால், "சளி போல" என்று ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்; அன்றே காட்டுங்கள். முதல் நாட்களில் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

வயதோடு வரும் செவிக்குறைவு முதலில் உயர்ந்த ஒலிகளைத்தான் பறிக்கும். பேச்சில் "ச", "ஸ", "த" போன்ற ஒலிகள் மங்கும். "கேக்குது, ஆனா விளங்கேல்லை" என்று அம்மாமார் சொல்வது இதைத்தான். அவர்களோடு கத்திப் பேசுவதால் பயனில்லை. கேட்பொறி போடுங்கள். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பாட்டு அதில் தகரம்போல ஒலிக்கலாம். பல கேட்பொறிகளில் இசைக்கெனத் தனியான அமைப்பு உண்டு. பொருத்துகிறவரிடம் கேட்டுப் போடுவியுங்கள். செவிக்குறைவும் தனிமையும் மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகள். இரண்டும் நம்மால் குறைக்கக்கூடியவை என்று 2020இலும் 2024இலும் லான்செற் ஆணைக்குழு அறிக்கைகள் சொல்லியிருக்கின்றன. செவிக்குறைவு வந்தவர் கூட்டத்துக்குப் போக வெட்கப்படுவார். போகாமல் விட்டால் தனிமை வரும். ஒன்று மற்றதை வளர்க்கும்.

சைக்கிள் சுற்றிய தோழியிடம் திரும்பி வருகிறேன். அவள் ரொறன்ரோவில் கணக்காளராக இருந்தாள். முப்பத்தொன்பதாவது வயதில் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றும் நாட்களில் நான்கு மணித்தியாலம் ஒரே கதிரையில் இருக்கவேண்டும். எங்கள் தொகுப்பு ஒரு மணித்தியாலம்தான். "எனக்கு மட்டும் நாலு மணித்தியாலத்துக்கு அனுப்புங்கோடி" என்று கேட்டாள். நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். அமைதி தரும் என்று நினைத்து முதலில் மெதுவான பாட்டுக்களையே அனுப்பினோம். அவள் மறுமொழி எழுதினாள்: "இதைக் கேட்டால் மருந்து சொட்டுறதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறன். தனி ஆவர்த்தனம் உள்ளதாய் அனுப்பு, எண்ணுறதுக்கு எனக்கு வேறை ஏதும் வேணும்." இடது கையில் ஊசி, வலது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இருந்தாளாம். தாதி வந்து "வலியா?" என்று கேட்க, "இல்லை, மிஸ்ர சாபு" என்றாளாம்.

பாட்டு அவளைக் குணப்படுத்தவில்லை. வைத்தியராகிய நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். மூன்றாவது ஆண்டின் மார்கழித் தொகுப்பை அவளே செய்தாள். மாசிக்கு முன் போய்விட்டாள். பாடசாலைக் காலத்து நடுக்கமில்லாத கையெழுத்தில், பன்னிரண்டு பாட்டுக்கும் ஒவ்வொரு வரி எழுதி, தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு மார்கழியிலும் அந்தத் தொகுப்பையே அனுப்புகிறோம். வேறு செய்வதில்லை.

அவளுடைய அம்மா வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் தனியே இருக்கிறார். அப்படி எத்தனை அம்மாமார் அங்கே இருக்கிறார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கனடாவில், லண்டனில். மாதம் தவறாமல் காசு வருகிறது. ஐபாட்டில் பேரப்பிள்ளையின் முகம் வருகிறது. சாப்பாடு கடையிலிருந்து வருகிறது. வராதது ஒன்றுதான்: மாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, "வெளிக்கிடுங்கோ அன்ரி, போவம்" என்று சொல்ல ஓர் ஆள்.

ஒரு நவராத்திரியில் நானும் இன்னொரு தோழியும் போய் அப்படித் தட்டினோம். முதலில் மறுத்தார். "எனக்கு இப்ப பாட்டு ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்றார். வற்புறுத்தவில்லை, இருந்து தேநீர் குடித்தோம். எழும்பும்போது, "எங்கை கச்சேரி?" என்று கேட்டார். சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் முதல் அரை மணித்தியாலம் கையை மடியில் பொத்திக்கொண்டு இருந்தார். தனி ஆவர்த்தனம் தொடங்க, வழக்கம்போல நாலைந்து பேர் எழும்பிப் போனார்கள். அன்ரியின் வலது கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கியது. எந்தத் தாளம், யாருடைய கை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வரும்போது ஓட்டோவில் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "பெடியன் நல்லாய் வாசிச்சான். அடுத்த முறையும் சொல்லுங்கோ."

இதுதான் என் வேண்டுகோள். நூற்றாண்டுக்கென்று கட்டடநிதி இருக்கிறது, புலமைப்பரிசில் இருக்கிறது. இரண்டுக்கும் என்னால் முடிந்ததைத் தருவேன். அவற்றோடு செலவே இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். கொழும்பில் இருக்கும் நாங்கள் மாதத்துக்கு ஒரு கச்சேரிக்குப் போவோம். போகும்போது வெளிநாட்டில் இருக்கும் ஒரு தோழியின் அம்மாவையோ, நமக்குக் கற்பித்த ஓர் ஆசிரியையையோ அழைத்துக்கொண்டு போவோம். படி குறைந்த மண்டபமா, கழிப்பறை எங்கே என்று முதலே விசாரித்து வைப்போம். ஒலிபெருக்கிக்கு எட்டவாக, மேடை தெரியும்படி கதிரை பிடிப்போம். தனி ஆவர்த்தனத்தில் எழும்பாமல் இருப்போம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நீங்கள் இருக்கும் ஊரில் நம் பிள்ளைகள் பாடும்போது ரிக்கற் வாங்குங்கள். அம்மாவின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். பருவத்துக்கு ஒரு தொகுப்பை நீங்கள் தொடுத்து அனுப்புங்கள். அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் வகுப்பில் நாங்கள் ஆறு பேர் தொடங்கிவிட்டோம். வரும் மாதம் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு வயலின் கச்சேரி இருக்கிறது. என் காரில் இரண்டு இடம் காலி. யாருடைய அம்மாவை ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று தேநீர் இடைவேளையில் வந்து சொல்லுங்கள்.